ஓணான் அறைக்கு விளக்கு வைத்தவள்

"மனுசன் சொன்னா நம்பணும் மேடம். நாலு மணின்னா நாலு மணிக்கு ஆஃப் பண்ணிட்டுதான் பஸ் ஏறுறேன். நான் இன்னாத்துக்கு லைட்டு போடப்போறேன்? ஓணான் இன்னா, டியூசன் படிக்கப்போவுதா?"

"அப்ப இருட்டு ரூம் ஓணானுக்கு ஏன் புண்ணு ஆறல, பன்னீர்? நீங்களே வந்து பாருங்க. ரெண்டு ரூமும் ஒரே லட்சணத்துல கெடக்கு."

"ஆறலன்னா ஆறல. அது ஒடம்பு வாகு. அதுக்கு என் மேல பாஞ்சா?"

பன்னீர்செல்வத்துக்கும் கோதைக்கும் இந்தச் சண்டை எங்கள் கொல்லையில் நடந்தபோது நான் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நார் எடுக்காமல் நறுக்கினால் தொண்டையில் மாட்டும் என்பதால் கண்ணும் கையும் அதில் இருந்தன. காது மட்டும் சும்மா இருந்தது. சும்மா இருக்கிற காதில் எது விழுந்தாலும் அதற்கு நான் பொறுப்பில்லை.

நீ அந்த ஈ.பி. கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய், மேக்னா. உன் புரொஃபசர் கஸ்தூரிரங்கன் ரிட்டயர் ஆனபிறகு, எல்லாம் நடந்து முடிந்து ஒன்பது வருஷம் கழித்து, திருக்கழுக்குன்றத்து வீட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு வா என்று உன்னை அனுப்பியிருக்கிறார். வெளிநாட்டில் யாரோ, கோதை கண்டுபிடித்ததையே மறுபடியும் கண்டுபிடித்து அச்சில் போட்டுவிட்டார்களாம். அதிலிருந்து அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். அன்றைக்கு அவளைப் பொய்க்காரி என்று எழுதிக்கொடுத்தபோது நன்றாகத்தான் தூங்கினார். படித்தவர்களுக்கு எல்லாமே தாமதமாகத்தான் வரும்.

கேட்டாய், சொல்கிறேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை. டீயைக் குடி, ஆறுகிறது.

கோதை செங்கல்பட்டில் ஒரு காலேஜில் விலங்கியல் லெக்சரராக இருந்தாள். தற்காலிக வேலை. டாக்டர் பட்டம் வாங்கினால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் ஓணான். உலகத்தில் எத்தனையோ இருக்க, ஓணானுக்கு எவ்வளவு வெளிச்சம் பட்டால் அதன் நோய் எதிர்ப்பு ஏறும், எவ்வளவு பட்டால் இறங்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஓணானுக்கு எதிர்ப்பு சக்தி ஏறி அது எந்தத் தொகுதியில் ஓட்டுக் கேட்கப்போகிறது என்று நான் கேட்டேன். சிரித்தாள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

அவளுக்கு ஜன்னலே இல்லாத அறை தேவைப்பட்டது. எங்கள் கொல்லையில் அப்படி இரண்டு அறை இருந்தன. என் வீட்டுக்காரர் ராஜாராம் உயிரோடு இருந்த காலத்தில் மாவு மிஷின் போடுகிறேன் என்று அறையைக் கட்டி, அதற்குத் தனி மீட்டரும் வாங்கி, மிஷினை மட்டும் வாங்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் தொட்டது எல்லாம் அந்த அளவில்தான் முடிந்தது. அந்தத் தனி மீட்டரின் கார்டுதான் உன் கையில் இருப்பது.

ஒரு அறையில் பதினாறு மணி நேரம் வெளிச்சம். இன்னொன்றில் காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் நாலு வரை வெளிச்சம், அப்புறம் மறுநாள் காலை வரை கும்மிருட்டு. ஒவ்வொன்றிலும் ஆறு நூறு வாட் பல்பு, இருபது கூண்டு. பன்னீர்செல்வம் காலேஜில் தினக்கூலிக்கு இருந்தவன். கடப்பாக்கம் கோட்டைப் பக்கம் வேலிக்கு வேலி போய், குச்சி முனையில் சுருக்குப் போட்டு ஓணான் பிடித்து வருவான். கோதை ஒவ்வொன்றின் முதுகிலும் அரிசி அளவுக்கு ஒரு கீறல் போட்டு, அது ஆற எத்தனை நாள் என்று எழுதுவாள். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கண்ணாடியில் தடவிப் பார்ப்பாள். வயசுப் பெண் செய்கிற காரியம்.

அறைக்குப் பூட்டுப் போட்டாள். அதை நீ கவனிக்க வேண்டும். என் வீட்டில், என் அறைக்கு, என்னையே உள்ளே வராதே என்று பூட்டு. இந்தத் தெருவில் யார் வீட்டு அரிசிப் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் கொல்லையில் என்ன நடக்கிறது என்று தெரியக்கூடாதாம். திண்டுக்கல் பூட்டுக்கு இரண்டு சாவி வரும் என்பது அவளுக்கும் தெரியும். வீட்டுக்காரியிடம் ஒன்று இருக்கட்டும் என்று அவளேதான் கொடுத்தாள். அவ்வளவு நம்பிக்கை. நம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எப்போதும் கொஞ்சம் எரிச்சல் வரும்.

ஏன் பூட்டு என்று கேட்டதற்கு என் அடுப்படியில் உட்கார்ந்து விளக்கம் சொன்னாள்.

"இருட்டினா மண்டைக்குள்ள மெலடோனின்னு ஒண்ணு சுரக்கும் ஆன்ட்டி. இருட்டு எவ்ளோ நீளமோ அவ்ளோ நேரம் சுரக்கும். அது நெறைய இருந்தா எதிர்ப்பு சக்தி ஏறும், புண்ணு சீக்கிரம் ஆறும். நடுவுல வெளிச்சம் பட்டா நின்னுடும். ஓணான் கண்ண மூடிக்கிட்டாலும் பிரயோஜனம் இல்ல. உச்சந்தலையில ஒரு புள்ளி இருக்கு, அதுவும் வெளிச்சத்தப் பாத்துடும்."

உச்சந்தலையில் ஒரு கண். எனக்கும் அப்படி ஒன்று இருப்பதாக ராஜாராம் சொல்வார்.

முதல் வருஷம், தொண்ணூற்றேழில், எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. இருட்டு அறை ஓணான்களுக்குப் புண் மளமளவென்று ஆறியது. வெளிச்ச அறையில் சீழ் பிடித்தது. வெளிச்ச அறையில் ஆறு ஓணானுக்கு அந்த மெலடோனினையே ஊசியாகப் போட்டாள். வெளிச்சத்தில் கிடந்தும் அவற்றுக்கு இருட்டில் இருந்ததைப் போல ஆறியது. கஸ்தூரிரங்கன் மூன்று பெட்டி மைசூர்பாகு வாங்கி வந்தார். அடுத்த வருஷமும் இதே மாதிரி ஒரு தடவை வந்துவிட்டால் தீசிஸைக் கொடுத்துவிடலாம் என்றார். அந்த வருஷம் நான் அந்தக் கதவைத் தொடக்கூட இல்லை. கார்டில் பார், அந்த மாதங்களில் யூனிட் ஒரே சீராக இருக்கும்.

தொண்ணூற்றெட்டு தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, கோதை அடுப்படி வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி குடுங்க அத்தை" என்றாள்.

அதுவரை ஆன்ட்டி. அன்றைக்கு அத்தை. சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பின்னால் நின்றிருந்த என் பிள்ளை தீனதயாளன் வேறு பக்கம் பார்த்தான். கல்பாக்கத்தில் டெக்னீஷியன். நாலரை மணிக்கு ஸ்டாஃப் பஸ்ஸில் இறங்கி நேராகக் கொல்லைக்குப் போய், ஓணானுக்குக் கரப்பான் பூச்சி போடுகிற அளவுக்கு வந்திருந்தான். நான் தண்ணீர் கொடுத்தேன். வெளியாட்களுக்கு என்று வைத்திருக்கிற சொம்பில்தான் கொடுத்தேன், டம்ளரில் இல்லை.

இரவு சோறு போடும்போது அவனே ஆரம்பித்தான். "தீசிஸ் குடுத்ததும் ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம்மா. அது முடியாம வேணாம்னு கோதைதான் சொல்லிச்சு."

ஜாதிக்காக எதிர்த்தேன் என்று எழுதிக்கொள்ளாதே. அதெல்லாம் நான் பார்க்கிறதில்லை. அவர்கள் வீட்டில் நம்மைப் பார்ப்பார்கள், அது வேறு. என் அண்ணன் மகள் கீர்த்தனா பிறந்த அன்றைக்கே தீனாவுக்கு என்று பேசியாகிவிட்டது. இவள் ஓணான் முதுகைக் கீறுகிற கையோடு என் வீட்டில் சோறு பரிமாறுவாள், நான் அதைத் தின்று வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். இருந்தாலும் இது புரிந்தது: தீசிஸ் முடிந்தால் கல்யாணம். முடியாவிட்டால் இல்லை.

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்த அறையும் இருட்டாகக் கிடக்காது. விளக்கு வைக்கிற நேரம். மாட்டுக் கொட்டகைக்குக்கூட ஒரு பல்பு எரியும். என் மாமியார் காலத்திலிருந்து வருகிற வழக்கம். ஒரு வருஷமாக அந்த ஓணான் அறை மட்டும் விளக்கு வைக்கிற நேரத்தில் இருண்டு கிடந்தது எனக்கு உறுத்திக்கொண்டேதான் இருந்தது. ஆனி மாதம் கோதை இரண்டாவது சோதனையை ஆரம்பித்தாள். அதே வாரம் நான் மறுபடி விளக்கு வைக்க ஆரம்பித்தேன்.

கோதை நாலு மணிக்கு அறையைப் பார்த்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸில் செங்கல்பட்டு போய்விடுவாள். தீனா வெளிச்ச அறை ஓணானுக்குத் தீனி போட்டுவிட்டு அவளைப் பஸ் ஏற்றிவிடுவான். அப்படியே மாமல்லபுரம் ரோட்டில் பந்து விளையாடப் போவான். ஆறு மணிக்கு நான் பூஜை அலமாரியில் விளக்கேற்றி, கையோடு சாவியை எடுத்துக்கொண்டு போய், இருட்டு அறையில் ஆறு பல்பையும் போடுவேன். சாமி விளக்கை ஏற்றின கையோடு அணைக்கக் கூடாது. அது எட்டு மணி வரை எரியும். இதுவும் எட்டு மணி வரை எரிந்தது. அவ்வளவுதான் நான் செய்தது. ஓணானை நான் தொடக்கூட இல்லை. விளக்குப் போட்டதும் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கிப் பார்க்கும். கொஞ்ச நாள் போன பிறகு சில தலையைத் தூக்குவதில்லை. கீறல் பக்கத்தில் தோல் பழுப்பாகும், அப்புறம் ஈரமாகும். நின்று பார்ப்பேன். வேறு வேலை இல்லாத நேரம்தானே.

அப்படித்தான் நான் முதலில் சொன்ன சண்டை வந்தது. பன்னீரைக் கேட்டுப் பார்த்துவிட்டு கோதை அடுப்படிக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அத்தை, சாயங்காலத்துல அந்த ரூம்ல எப்பவாவது லைட்டு எரிஞ்சு பாத்தீங்களா?"

"ரெண்டு மூணு நாளு கதவு சந்துல வெளிச்சம் தெரிஞ்சா மாதிரி இருந்துது. பன்னீரு மறந்துட்டுப் போயிட்டாரு போலன்னு நெனச்சிக்கினேன். உனக்குத் தெரியாமயா இருக்கும்னு சொல்லல."

வெளிச்சம் தெரிந்தது என்பது பொய் இல்லை.

மறுநாளோடு பன்னீருக்கு வேலை போயிற்று. போவதற்கு முன் என் வாசலில் வந்து நின்றான். "எந்த நாளு பாத்தக்கா? தேதி சொல்லு" என்றான்.

"தேதியெல்லாம் யாரு எழுதி வெச்சிக்கினு கீறாங்க?"

"சரி. ஓணானுக்குத் தெரியும்க்கா" என்று சொல்லிவிட்டு, அந்தச் சுருக்குக் குச்சியை என் வேலி ஓரமாகச் சாய்த்துவிட்டுப் போனான். குடிக்காத நேரத்தில்கூட இவர்கள் பேச்சு இப்படித்தான் இருக்கும். குச்சியைக் கொடி கட்ட எடுத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் உன் புரொஃபசர் கவனிக்கத் தவறிவிட்டார். கோதை அவரிடம் கெஞ்சி இன்னும் ஒரு வருஷம் வாங்கினாள். தொண்ணூற்றொன்பதில் மூன்றாவது தடவை. இந்தத் தடவை யாரையும் நம்பப்போவதில்லை என்றாள். நம்பப்போவதில்லை என்று சொல்லிவிட்டு ஒரு நீள நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள்.

"நீங்களே நாலு மணிக்கு அணைச்சுட்டு இதுல நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க அத்தை. உங்கள விட்டா எனக்கு யாரு?"

எனக்கு அந்த நோட்டு பிடித்திருந்தது. அதுவரை என் கையெழுத்தை ரேஷன் கடையில் தவிர யாரும் கேட்டதில்லை. அணைத்த நேரம், கண்ணகி ராஜாராம். அணைத்த நேரம், கண்ணகி ராஜாராம். அறுபது நாளும் ஒரு நாள் விடாமல் எழுதினேன். நாலு என்றால் நாலு. கோதை பக்கத்தில் நிற்கும்போதே அணைத்துக் காட்டியிருக்கிறேன். ஆறு மணிக்கு விளக்கு வைத்தேன். அதை எழுத நோட்டில் கோடு போட்டிருக்கவில்லை.

ஆவணி மாதம் பதினொரு ஓணான் செத்தது. மிச்சம் இருந்ததில் பாதி அசையவில்லை.

கஸ்தூரிரங்கன் வெயிலில் வந்து, கூண்டு கூண்டாகப் பார்த்துவிட்டு, முற்றத்து நாற்காலியில் உட்கார்ந்தார். மைசூர்பாகு வாங்கிவரவில்லை. முதல் வருஷத்துக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டார். கோதைக்கு முதலில் புரியவில்லை. புரிந்த பிறகு அவள் மடமடவென்று பேசினாள்.

"ஊசி போட்ட ஆறு ஓணானுக்கும் இப்பவும் ஆறியிருக்கு சார். மத்தது எதுக்கும் ஆறல. அப்படின்னா என் மருந்து சரி, என் கணக்கு சரி. இருட்டுதான் இருட்டா இல்ல. ஏதோ வெளிச்சம் வருது சார்."

கெட்டிக்காரிதான். அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. வாசல் வரை வந்துவிட்டாள். கதவைத் தட்டத்தான் அவளுக்குத் தோன்றவில்லை.

அவர் நோட்டைப் புரட்டினார். அறுபது கையெழுத்து. பிறகு என்னைக் கூப்பிட்டார். நான் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றேன்.

"அம்மா, தினமும் நாலு மணிக்கு லைட்ட அணைச்சீங்களா?"

"அணைச்சேன் சார்."

"ஒருநாள்கூட மறக்கலியே?"

"ஒருநாளும் மறக்கல சார்."

கோதை என்னைப் பார்த்தாள். இன்னும் ஏதாவது சொல்ல மாட்டேனா என்று பார்த்தாள். அந்த நேரத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அவளுடைய மூன்று வருஷமும் மீண்டிருக்கும். எனக்கு அது தெரியும், நீ என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைக்க வேண்டாம். ஆனால் போட்டீர்களா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்காததற்குப் பதில் சொல்கிற வழக்கம் எனக்கு இல்லை.

முதல் வருஷத்து முடிவு கற்பனை என்று அவர் எழுதிக் கொடுத்தார். காலேஜில் நீட்டிக்கவில்லை. செங்கல்பட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது பழைய மாணவிகள் தலையைத் திருப்பிக்கொண்டார்களாம். காசியம்மாள், எங்களுக்குப் பால் ஊற்றுகிறவள், பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அறையைக் காலி செய்ய வந்த அன்றைக்கு கோதை இருட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாள். எங்கேயாவது ஓட்டையில் வெளிச்சம் வருகிறதா என்று பார்த்தாளாம். வரவில்லை. என் வீட்டுக் கட்டடம் அப்படி. உயிரோடு இருந்த ஓணான்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அவளும் தீனாவும் பஸ் பிடித்துக் கடப்பாக்கம் போய் வேலியில் விட்டுவிட்டு வந்தார்கள். எத்தனை பிழைத்தன என்று தெரியாது.

தீனா அவளைக் கேட்டிருக்கிறான், தீசிஸும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கட்டிக்கொள்கிறேன் என்று. பொய்க்காரி என்று பேர் வாங்கினவள் உங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று அவளேதான் சொல்லியிருக்கிறாள். போகும்போது என் காலில் விழுந்துவிட்டுப் போனாள். உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம் கொடுத்துவிட்டேன் அத்தை என்றாள். பரவாயில்லை என்றேன்.

இப்போது நீ அந்தக் கார்டைப் பற்றிக் கேட்கிறாய். தொண்ணூற்றெட்டிலும் தொண்ணூற்றொன்பதிலும் அதே இரண்டு மாதத்துக்கு மட்டும் எழுபது, எழுபத்திரண்டு யூனிட் கூடியிருக்கிறது. ஆறு பல்பு, தினம் இரண்டு மணி நேரம், கணக்குச் சரியாக வருகிறது என்கிறாய். வரட்டும். நான்தான் போட்டேன். வேண்டுமென்று, நேரம் பார்த்து, என்ன ஆகும் என்று தெரிந்துதான் போட்டேன். எழுதிக்கொள். அந்த நோட்டில் போட்ட மாதிரியே கீழே கையெழுத்தும் போட்டுத் தருகிறேன். என் பிள்ளையின் வாழ்க்கைக்காகச் செய்தேன். அவன் நன்றாக இருக்கிறான்.

கார்டில் அந்த இரண்டு ரீடிங்கைச் சுற்றியும் பென்சிலில் வட்டம் போட்டிருக்கிறதே, அது யார் போட்டது என்று கேட்கிறாய். எனக்கு என்ன தெரியும். ரீடிங் எடுக்க வந்தவன் போட்டிருப்பான். அந்த வருஷங்களில் கார்டு என் கையில் இருந்ததே இல்லை. ஈ.பி. ஆபீஸ் வரிசையில் நின்று கட்டிவிட்டு வந்தது எப்போதும் தீனாதான்.

பன்னீர்செல்வம் முட்டுக்காட்டில் படகுக்கு டிக்கெட் கிழிக்கிறான் என்று காசியம்மாள் சொன்னாள். கோதை கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ஸ்கூலில் சொல்லிக்கொடுக்கப் போனாள். கல்யாணம் ஆயிற்று என்கிறார்கள், ஆகவில்லை என்றும் சொல்கிறார்கள். இந்த ஊரில் நான் விசாரிக்காத விஷயம் அது ஒன்றுதான். அக்கறையில்லை, வேறொன்றுமில்லை.

தீனா இரண்டாயிரத்து ஒன்று வைகாசியில் நான் சொன்னபடி கீர்த்தனாவைக் கட்டிக்கொண்டான். மறுபேச்சு பேசவில்லை. மூன்றாம் மாதம் கல்பாக்கத்து வேலையை விட்டுவிட்டு அவளையும் கூட்டிக்கொண்டு மஸ்கட் போனான். ஏழு வருஷம் ஆகிறது, லீவு கிடைக்கவில்லை, வரவில்லை. பொங்கலுக்குப் போன் பேசுவான். கீர்த்தனாதான் பேசுவாள், அவன் பக்கத்தில் இருப்பான்.

கிளம்புகிற அன்று, கார் வாசலில் நிற்கும்போது, அவன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான். அந்த இருட்டு அறையில் இருந்த ஆறு பல்பையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டியில் போட்டு, என் மடியில் கொண்டுவந்து வைத்தான். நேராகப் போய்க் காரில் ஏறிக்கொண்டான். நான் தனியாக இருக்கப்போகிறேனே, வீணாக யூனிட் ஏறக்கூடாது என்றுதான். பெற்றவள் மேல் அத்தனை கரிசனம் அவனுக்கு.